கனடாவில் பல்லி விழும் காலம்

எங்கள் ஊரில் குளிர்காலம் தேங்காயெண்ணெய்க் குப்பிக்குள்தான் வரும். வெளியே வராது. மார்கழியில் ஒரு நாள் காலை குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளங்கையில் ஒன்றும் விழாது. அடியைத் தட்டிப் பார்த்து, ஈர்க்குச்சியை விட்டுக் குத்திப் பார்த்து, கடைசியில் அடுப்பின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும்போது அம்மா சொல்வாள்: "குளிரு வந்தாச்சு." பத்து மணிக்கு வெயில் ஏறி எண்ணெய் இளகிவிட்டால் அன்றைய குளிர்காலம் முடிந்தது. கேரளத்தின் தெற்கு ஓரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பனியைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியாததால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருத்தி, ஆள் நீளத்துக்கு ஒரு பனிக்கால ஓவியம் வரைந்தாள். அதையும் சொந்த அக்காவின் நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் தலைக்கு மேலே மாட்டினாள். அந்த ஒருத்தி நான்தான். (இப்போது அமரவிளையில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். "இந்தக் கலர் நிக்குமா?" என்று யாராவது கேட்டால் என் பதிலில் ஒரு தனி அனுபவம் தொனிக்கும்.)

அப்போது நான் தனுவச்சபுரத்தில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது என்று வீட்டார் சொன்னார்கள். ஓவியராக இருப்பது என்று நான் சொன்னேன். பள்ளியில் ஒரு முறை மயில் வரைந்து பரிசு வாங்கியவள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஓவியப் பாட வீடியோக்கள் பார்த்துப் பார்த்து, தலைமுடியை உச்சியில் கொண்டையாக்கி அதில் ஒரு பிரஷ்ஷைச் செருகிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தேன்.

அக்கா லேகா எனக்கு நேர் எதிர். பள்ளிக்கூட டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்து, வீட்டிலும் ராத்திரி படுக்கும்வரை யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு நெய்யாற்றின்கரையில் இருந்து ஒரு வரன் வந்தது. பெயர் விநோத். கனடாவில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான். பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துப்போனது, தை பிறந்ததும் நிச்சயம் என்று முடிவாயிற்று. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கால் தரையில் பாவவில்லை.

லேகாவுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அங்க குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டுமாம் பிள்ளே. ரோட்டுல ஒரு மனுசன் நிக்க மாட்டானாம். பின்ன நான் யாருகிட்ட மிண்டிட்டு இருப்பேன்?" (எங்கள் பக்கத்தில் மிண்டுவது என்றால் பேசுவது.)

"அத்தான்கிட்ட மிண்டு."

"அந்த ஆளா? பொண்ணு பாக்க வந்தப்போ மொத்தமா ஒரு வாக்குதான் சொன்னாரு. 'சாயா கொள்ளாம்.' அதுவும் சாயாவைப் பாத்துச் சொன்னாரு."

அது உண்மை, டீ நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. விநோத் அத்தான் பார்க்க லட்சணமாக, சாதுவாக இருந்தார். ஆனால் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் போல இருந்தார்.

"நிச்சயத்து அண்ணைக்கும் இவரு வாயத் தொறக்கலேன்னு வை, தட்டு மாத்துததுக்கு மின்னால நான் எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லிருவேன். எல்லாரு மின்னாலயும் சொல்லுவேன். நீ அம்மாட்ட சொல்லிராத."

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது. லேகா சொன்னால் செய்கிறவள்.

இந்த நிலையில்தான் சுவர் பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டு ஹாலில், மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய சோபாவுக்கு நேர் மேலே, மழைக்காலத்தில் ஊறிய ஈரம் பெரிய கறையாக நின்றது. அப்பா அதன் மேல் எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் நான்கு நாளில் திரும்பி வந்துவிடும். அம்மா அதைப் பார்த்துக் கவலைப்பட்டாள். அப்போது ரவி மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ரப்பர்த் தோட்டக்காரர், எங்கள் குடும்பத்தின் எல்லா யோசனைகளுக்கும் பிறப்பிடம், வாய் திறந்தார்.

"பையன் கனடாவுலேர்ந்து வாறான். பனி, வீடு, மரம்னு அவன் ஊரு மாதிரி ஒரு பெரிய படம் வெச்சா கறையும் மறையும், அவனுக்கும் ஒரு சந்தோசமா இருக்கும். நம்ம சிந்து வரையட்டும். என் வீட்டு வேலைக்கு வாங்கின பிளைவுட்டுல ஒண்ணு மிச்சம் உண்டு."

'நம்ம சிந்து' உடனே கொண்டையில் பிரஷ்ஷைச் செருகினாள்.

வீடியோவில் பாடம் நடத்தியவர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர். பனிப் படத்தில் பொருள் முக்கியமில்லை, வெளிச்சமும் மனநிலையும்தான் முக்கியம் என்றார். பனியில் விழும் நிழல் கறுப்பல்ல, நீலம் என்றார். குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே போகும். அதனால் வெளிச்சம் மேலே இருந்து விழாது, பக்கத்தில் இருந்து தடவிக்கொண்டு வரும் என்றார். எல்லாவற்றுக்கும் முதலில் ஓர் உணர்வைத் தேர்ந்தெடுங்கள் என்றார். நான் சோகத்தைத் தேர்ந்தெடுத்தேன். (அந்த வயதில் சோகமாக இருந்தால்தான் அது கலை என்று நம்பினேன். யாராவது சிரிக்கிற படம் வரைந்தால் பற்பசை விளம்பரம் என்பேன்.)

மரங்களுக்கு மாதிரி வெளியே போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. மார்கழியில் வீட்டுக்குப் பின்னால் ரவி மாமாவின் ரப்பர் மரங்கள் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அப்படியே வரைந்தேன். எப்படிப்பட்ட அப்படியே என்றால், மரங்கள் வரிசையாக, சம இடைவெளியில் நின்றன. ஒவ்வொன்றிலும் சரிவாக ஒரு வெட்டு. வெட்டுக்குக் கீழே பால் வடியும் தேங்காய்ச் சிரட்டை. கனடாக் காட்டில் சிரட்டை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து சிரட்டை கட்டாத மரக்கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

உணர்வு வர வேண்டும் என்பதற்காக வீட்டில் ஏ.சி. இருந்த ஒரே அறையைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டில் வைத்து, அப்பா சபரிமலைக்குக் கொண்டுபோன கம்பளியைப் போர்த்தி, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு வரைந்தேன். அம்மா கதவைத் திறக்கும்போதெல்லாம், "ஏட்டி, கறண்டு பில்லு வந்தா ஒன் அப்பாவுக்குத்தான் பனி பிடிக்கும்" என்பாள்.

வானம் முடிந்ததும் வண்ணத்தில் கலக்கும் எண்ணெய் தீர்ந்தது. ஆயில் பெயின்ட்டுக்கு ஆளிவிதை எண்ணெய்தான் சேர்க்க வேண்டும் என்று தாடிக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதற்கு மறுபடியும் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை போக வேண்டும். சோகத்தில் இருக்கும் கலைஞரால் பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியுமா? யோசித்தேன். எண்ணெய் என்று வந்துவிட்ட பிறகு எந்த எண்ணெயாக இருந்தால் என்ன? எங்கள் வீட்டில் தலைக்குத் தேய்ப்பதும் அப்பளம் பொரிப்பதும் விளக்கு எரிப்பதும் அவியலில் ஊற்றுவதும் கதவுக் கீல் சத்தம் போட்டால் விடுவதும் ஒரே எண்ணெய்தான். சொந்தத் தேங்காயை உலர்த்திச் செக்கில் கொடுத்து ஆட்டிய எண்ணெய். அதற்குத் தெரியாத வேலை இல்லை. இதையும் செய்துவிடும் என்று நம்பினேன்.

செய்தது. அதுதான் கொடுமை. ஃபிரிட்ஜில் வைத்து உறைந்த தேங்காயெண்ணெயை வெள்ளை வண்ணத்தோடு பிசைந்தால் அசல் பனி வந்தது. வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று, வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிற மாதிரி ஒரு வெண்மை. தாடிக்காரரின் பனிகூட இவ்வளவு நன்றாக இல்லை. நான் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுக்களையில் இருந்து தோசை திருப்பும் சட்டுவத்தை எடுத்து வந்தேன். கூரை மேல் ஒரு கை கனத்துக்குப் பனி. வேலி மேல் பனி. மேட்டில் குவியல் குவியலாகப் பனி. அந்த ஏ.சி.யில் அது ஒரே ராத்திரியில் கல்லாக இறுகியது. விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒட்டவே இல்லை.

"உணங்கியாச்சு!" என்று கத்தினேன். காய்ந்ததற்கும் உறைந்ததற்கும் உள்ள வித்தியாசம் பி.காமில் பாடமாக வரவில்லை.

குடும்பம் படத்தைப் பார்க்க வந்தது. எல்லோரும் ஏ.சி. அறைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "ரப்பர் ஷீட்டைக் கழுவித் தரையில விரிச்சிருக்கு, இல்லியா?" என்றார்.

"பனிப்பா."

"ஓ. கொள்ளாம், கொள்ளாம்."

அம்மாதான் சோகத்தைக் கண்டுபிடித்தாள். "ஏட்டி, இது துட்டி வீடு மாதிரியில்லா இருக்கு. முற்றத்துல ஒரு ஆளு இல்ல, அடுப்புல புகை இல்ல, ஒரே நீலமா. நல்ல காரியத்துக்கு வாறவங்க தலைக்கு மேல இழவு வீட்டைத் தூக்கி வைக்கவா? வெளக்கு போடு."

"வெளக்கா?"

"அந்தச் சன்னல்ல ஒரு வெளக்கு வை. சந்தி நேரம்னா வீட்டுல வெளக்கு வேண்டாமா?"

என் கலை கெட்டுவிடும் என்று நான் வாதாடினேன். அம்மா சட்டுவத்தைக் கையில் எடுத்தாள். நான் சன்னலில் மஞ்சள் வைத்தேன். விரல் நுனி அளவு மஞ்சள்தான். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சின்ன மஞ்சளால் படம் முழுவதும் மாறிவிட்டது. நீலம் அப்படியேதான் இருந்தது, குளிரும் இருந்தது, ஆனால் உள்ளே யாரோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு லேகா மட்டும் நின்றாள். சன்னலையே பார்த்தாள்.

"பிள்ளே, இது விடியுததா இருட்டுததா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. தாடிக்காரர் வெளிச்சம் தாழ்வாக வர வேண்டும் என்றாரே ஒழிய எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்று பெரிய கலைஞர் மாதிரி பதில் சொன்னேன். அவள் சன்னலை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள். அவள் கேட்டது படத்தைப் பற்றி இல்லை என்பது இந்த மண்டைக்கு அப்போது ஏறவில்லை.

நிச்சயத்தன்று விடிவதற்கு முன்பே படத்தைத் தூக்கி வந்து மாட்டினோம். தை மாதக் காலை நல்ல குளிர்ச்சியாக இருந்தது. கறை முழுக்க மறைந்துவிட்டது. பத்து மணிவாக்கில் நெய்யாற்றின்கரைக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். சோபாவில் நடுநாயகமாக மாப்பிள்ளையின் தாய்மாமா தாணுப்பிள்ளை; ஒரு முடி இல்லாத, எண்ணெய் தேய்க்காமலே மினுங்கும் தலை. அவருக்கு ஒரு பக்கம் அவருடைய தங்கை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா. மறு பக்கம் விநோத் அத்தான், வாயில் கொழுக்கட்டையோடு.

ஹால் நிறைந்தது. குத்துவிளக்கை ஏற்றினார்கள். ஜன்னலில் எல்லாம் ஆட்கள் நின்றதால் காற்று நின்றது. பிறகு வீடியோக்காரர் ஷிபு வந்தார். அவரிடம் ஒரு ஹாலஜன் லைட் உண்டு. அந்தக் காலத்திலேயே அது பழசு. போட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குக் காது சுடும். ஷிபு என் ஓவியத்தைப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்தார். "சூப்பர் பேக்ரவுண்டு!" என்று சொல்லி லைட்டை நேராகப் பனி மேல் திருப்பி நிறுத்தினார். என் ஓவியத்தைப் பாராட்டிய முதல் அந்நியர் அவர்தான். நான் பெருமையில் கொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

ரவி மாமாவும் தாணுப்பிள்ளையும் தட்டு மாற்றுவதற்கு முந்தைய உபசார வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்வாசலில் லேகாவின் பக்கத்தில் நின்றேன். அவள் விநோத் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் மிண்டல" என்றாள் என் காதில். அவள் கை ஜில்லென்று இருந்தது.

ரவி மாமா தட்டைக் கையில் எடுத்தார். தாணுப்பிள்ளை அதை வாங்குவதற்காகக் கை நீட்டினார். அப்போது மேலே இருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று 'சொத்' என்று அவர் வழுக்கைத் தலையில் விழுந்து, வழுக்கிக்கொண்டு பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது.

"அய்யோ! பல்லி!" என்றார் யாரோ.

தலையில் பல்லி விழுந்தால் என்ன கெடுதல் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். அதைப் படித்துப் பார்க்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. நல்ல காரியத்தில், பெரியவர் தலையில், தட்டு கைமாறும் நேரத்தில். தாணுப்பிள்ளை முதுகுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணா, மதி, போதும். தட்டு வாங்க வேண்டாம். தலையில பல்லி விழுந்தா குளிச்சிட்டுத்தான் வேறே காரியம். இண்ணு வேண்டாம், பின்ன ஒரு நாள் பாக்கலாம்."

பின்ன ஒரு நாள் என்பது கிடையாது. விநோத் அத்தானுக்கு அந்த வாரமே லீவு முடிகிறது. இப்போது எழுந்து போனவர்கள் போனவர்கள்தான். அம்மா கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. விநோத் அத்தான் தலை நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தார், லேகாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. லேகா ஒரு மூச்சை இழுத்துவிட்டு முன்னால் ஓர் அடி வைத்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மேலே பார்த்தேன். கூரைப் பனி ஓரத்தில் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் பழி பல்லிக்குப் போகும். பேசினால் என் மானம் இரண்டு ஊரிலும் போகும்.

"பல்லி இல்ல!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "அது பல்லி இல்ல. பனியாக்கும்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"படத்துல உள்ள பனி. தேங்காயெண்ணெயில கலக்கி வரைஞ்சேன். சூட்டுல இளகுது."

"மக்கா, மிண்டாம இரி" என்றார் ரவி மாமா பல்லைக் கடித்துக்கொண்டு. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மேல பனி விழுதுன்னா சொல்லுத?"

என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையில் இருந்து இன்னொரு குவியல் மெல்ல நகர்ந்து, விளிம்பில் கொஞ்சம் யோசித்து, தாணுப்பிள்ளையின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. அவர் அதை விரலால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார். ஹால் முழுவதும் அவர் மூக்கையே பார்த்தது.

"எண்ணெய்" என்றார். மறுபடி முகர்ந்தார். "கடை எண்ணெய் இல்ல. செக்குல ஆட்டினதாக்கும். கொப்பரை எங்க உள்ளது?"

"நம்ம பறம்புத் தென்னையில உள்ளதுதான்" என்றார் அப்பா, விருந்தாளிக்குப் பதில் சொல்லும் பழக்கத்தில்.

"நல்ல மணம்" என்றார் தாணுப்பிள்ளை. பிறகு, பழக்கதோஷம், தலையில் பட்ட எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று உள்ளங்கையால் உச்சியில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். அதில் கலந்திருந்த வெள்ளை வண்ணம் தலை முழுவதும் பரவியது.

அதற்குள் படத்தில் எல்லாமே நகரத் தொடங்கியிருந்தது. மேடு சரிந்தது. வேலி மேல் இருந்த பனி ஒழுகியது. ஹாலஜன் வெளிச்சத்தில் ஈரம் பட்ட இடமெல்லாம் பளபளத்தது. நீல நிழல்கள் வெள்ளையோடு கலந்து ஓடின. சன்னல் மஞ்சள் ஒரு கோடாக இறங்கிப் பனி மேல் விழுந்தது. அத்தனை நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான் தேடிய வெளிச்சம் அதுதான். தாடிக்காரர் சொன்னபடி பக்கத்தில் இருந்து தடவிக்கொண்டு வந்தது. நான் ஒரே ஒரு நல்ல ஓவியம் வரைந்தேன், அது உயிரோடு இருந்தது ஐந்து நிமிஷம்.

அப்போதுதான் யாரோ சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டு. விநோத் அத்தான்.

"இது மார்ச் மாசமாக்கும்!" என்றார். எழுந்து படத்தின் அருகில் போய்விட்டார். "அம்மா, இஞ்ச பாருங்க. குளிரு முடியும்போது எங்க வீட்டுக் கூரையில இருந்து இப்படித்தான் சறுக்கி விழும். அடியில நடந்து போனா தலையிலதான். எனக்கே எத்தனை தடவை விழுந்திருக்கு தெரியுமா?" பிறகு குனிந்து பார்த்து என் பக்கம் திரும்பினார். "மரத்துல பாத்திரம் கட்டி வெச்சிருக்கே. இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... சிரட்டை..." என்றேன்.

"அங்கயும் இது உண்டு. மேப்பிள் மரம். தொளை போட்டுப் பாத்திரம் தொங்க விடுவாங்க. பனி இளகுத சமயத்துல மட்டும்தான் அது வடியும். தண்ணி மாதிரி இனிப்பு வெள்ளம். அதைக் காய்ச்சுவாங்க, நம்ம ஊருல அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி எடுக்குதாப்ல."

அக்கானி என்கிற பதநீரும் கருப்பட்டியும் வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரவி மாமா கையில் தட்டோடு விசாரணையைத் தொடங்கிவிட்டார். "மாப்பிளே, வெட்டு தினசரியா, ஒண்ணு விட்டு ஒரு நாளா? மழைக்குப் பிளாஸ்டிக் கட்டுவாங்களா?" விநோத் அத்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கொழுக்கட்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?"

லேகாவின் குரல். நிச்சயத்தன்று பெண் இப்படி நடு ஹாலில் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"அது இளகுத வரைக்கும், நாலு மணிக்கே இருட்டுமாமே?"

விநோத் அத்தான் அவளை நேராகப் பார்த்தார்.

"இருட்டும்" என்றார். "பொய் சொல்லல. முதல் வருசம் நான் தனியா இருந்து அழுதிருக்கேன். வேலை முடிஞ்சு வந்தா வீடு கறுப்பா நிக்கும். கதவைத் தொறக்கவே மனசு வராது. அம்மாகிட்ட ஃபோன்ல 'நல்லாருக்கேன்'னு சொல்லிட்டு வெச்சிருவேன், அதுக்கு மேல பேசினா குரல் காட்டிக் குடுத்துரும். அப்படியே மிண்டாமப் பழகிப்போச்சு." கண்ணைப் படத்தின் பக்கம் திருப்பினார். "பின்ன சன்னல்ல ஒரு லைட்டு வாங்கி வெச்சேன். போகும்போதே போட்டுட்டுப் போவேன். திரும்பி வரும்போது உள்ள யாரோ இருக்குதாப்ல தோணும்." படத்தில் ஒழுகிக்கொண்டிருந்த மஞ்சளைக் காட்டினார். "இதே மஞ்சளு."

அவருடைய அம்மா மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாக 'நல்லாருக்கேன்' மட்டும் கேட்டவர். முந்தானையை எடுத்துக் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு சோபாவில், ஒழுகிக்கிடந்த எண்ணெய் மேலேயே, பட்டுச் சேலையோடு உட்கார்ந்தார்.

"அண்ணா, தட்டை வாங்குங்க" என்றார்.

லேகா என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு விட்டாள். இந்த முறை அவள் கை சூடாக இருந்தது.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆல்பத்தில் எல்லா நிச்சயப் படங்களிலும் தாணுப்பிள்ளை மாமா வெள்ளை மண்டையோடு கம்பீரமாக நிற்கிறார். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். ஹால் சுவரில் ஈரக் கறை போய்விட்டது. எண்ணெய்க் கறை வந்துவிட்டது. அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிப்பதில்லை. எனக்கு அதற்குப் பிறகு யாரும் படம் வரையச் சொல்லவில்லை. சட்டுவத்தைத் தோசைக்கு மட்டும் பயன்படுத்துவதாக அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

லேகா கல்யாணமாகிக் கனடா போன முதல் குளிர்காலத்தில் எனக்கு ஃபோன் செய்தாள். "பிள்ளே, நான் அண்ணைக்கு ஒங்கிட்ட விடியுததா இருட்டுததானு கேட்டேம்லா? ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. லைட்டைப் போட்டுட்டு இருந்தா ஒண்ணும் தெரியல்ல." பின்னால் விநோத் அத்தான் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். "இந்த மனுசனைக் கொஞ்சம் மிண்டாம இருக்கச் சொல்லு, காது வலிக்கு" என்றாள்.

இப்போதும் ஒவ்வொரு மார்ச் மாதமும், அங்கே கூரையில் இருந்து முதல் பனி சரிந்து விழும் நாளில், விநோத் அத்தான் என் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்.

"அத்தை, இஞ்ச பல்லி விழத் தொடங்கியாச்சு."

அம்மா ஃபோனை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்து, கோடைச் சூட்டில் எண்ணெய் தண்ணீராக ஆடும் குப்பியைத் தன் பாட்டுக்கு ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பாள்.

"பிள்ளைக்குக் குளிரு போயாச்சு" என்பாள்.